கடை யாருடையது, கையெழுத்து யாருடையது: பெங்களூரில் குடும்பத் தொழிலை எழுத்தில் கொண்டுவர ஒரு வழிகாட்டி

ஜே.சி. ரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை. தாத்தா தொடங்கியது, அப்பாவும் சித்தப்பாவும் பார்ட்னர்களாக நடத்தியது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பேங்க் கரண்ட் அக்கவுண்ட்டை நிறுத்திவிட்டது. சப்ளையருக்குக் கொடுத்திருந்த செக்குகள் திரும்பி வந்தன. கடையில் சரக்கு இருக்கிறது, வாடிக்கையாளர் வருகிறார்கள், சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார், ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ஃபர்மே இல்லை. இரண்டே பார்ட்னர் உள்ள ஃபர்மில் ஒருவர் இறந்தால் ஃபர்ம் அத்துடன் கலைந்துவிடும். புது ஃபர்ம், புது பான், புது ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாக அலைந்து மீண்ட பிறகு இதை எழுதுகிறேன்.

இது யாருக்கு? வாய்ப்பேச்சிலேயே நடக்கும் கடை, பட்டறை, ஏஜென்சி வைத்திருப்பவர்களுக்கு. பெரிய வீடுகளும் இதில் தப்பவில்லை. திருபாய் அம்பானி 2002-ல் உயில் எழுதாமல் இறந்தார், 2005-ல் ரிலையன்ஸ் இரண்டானது. ஆனால் அவர்களுக்கு வக்கீல் பட்டாளமும், பிரித்தாலும் இரண்டு பக்கமும் தாங்கும் சொத்தும் இருந்தன. நம் கடையை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே நிற்காது. நான் வக்கீல் இல்லை. கீழே உள்ளதை வைத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் சரியான கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. எது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள்

கடைக் கட்டடத்தின் பத்திரம், காத்தா (மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவேட்டில் சொந்தக்காரர் பெயர்), வரி ரசீது, பார்ட்னர்ஷிப் டீட் (பார்ட்னர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தப் பத்திரம்), ஃபர்மின் பான், ஜி.எஸ்.டி. பதிவு, டிரேட் லைசென்ஸ், பேங்க் கணக்குகள், ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) லிமிட், அதற்கு யார் ஜாமீன், எந்த வீட்டுப் பத்திரம் அடமானம். டெலிவரி வண்டியின் ஆர்.சி. கடைப் பெயருக்கு டிரேட்மார்க் எடுத்திருந்தால் அது யார் பெயரில் என்பதும். எடுக்காவிட்டால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் பின்னால் பங்காளிகள் பிரியும்போது போர்டில் உள்ள பெயருக்குத்தான் முதல் சண்டை.

ஜி.எஸ்.டி., பேங்க், வருமான வரி மூன்றுக்கும் ஓ.டி.பி. எந்த மொபைலுக்குப் போகிறது என்று கட்டாயம் பாருங்கள். பல வீடுகளில் எல்லாம் பெரியவர் ஒருவரின் சிம்முக்குத்தான் போகும். அவர் இருக்கும்போதே ஜி.எஸ்.டி.யில் இன்னொரு பார்ட்னரையும் கையெழுத்து அதிகாரம் உள்ளவராகச் சேர்த்து, மொபைல், மெயிலை மாற்றுவது சில நிமிட வேலை. அவர் போன பிறகு அதே வேலைக்கு அதிகாரியிடம் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி நம் இனிஷியல். ஆதாரில் கே. முருகேசன், பானில் முருகேசன் கந்தசாமி, பழைய பத்திரத்தில் வெறும் முருகேசன், காத்தாவில் கன்னட எழுத்துப் பிழையோடு வேறொன்று. டிஜிட்டல் கையெழுத்து வாங்கப் போனாலும், டைரக்டர் எண்ணுக்கு விண்ணப்பித்தாலும் பானில் உள்ள பெயர்தான் செல்லும். முதலில் ஆதாரையும் பானையும் ஒன்றாக்குங்கள். பழைய பத்திரத்துக்கு ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்’ என்று ஒரு அஃபிடவிட் எடுத்து வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

2. தாத்தா பெயரில் இருக்கும் கட்டடத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கட்டடம், உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, மகன்கள், மகள்கள், தாத்தாவின் தாயார் இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே அப்படித்தான். 2005-ல் வந்த திருத்தம் பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்பாலேயே உரிமை தந்தது. 2005-ல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘அத்தைக்குக் கல்யாணம் 1985-லேயே ஆகிவிட்டது, பங்கு வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

‘அத்தை வேண்டாம்னு சொல்லிட்டாங்க’ என்பதும் செல்லாது. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் பதிய வேண்டும். அத்தை மகன் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்து பவர் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். கவரைப் பிரிக்காமல் பூஜை அறையில் வைத்துவிட்டுப் பிறகு தேடியவர்களை எனக்குத் தெரியும்.

தேவைப்படும் காகிதங்கள்: இறப்புச் சான்றிதழ், வம்சாவளி (குடும்ப மரம்), உயிரோடு இருக்கும் குடும்பத்தாரின் சான்றிதழ் (பெங்களூரில் நாட கச்சேரி என்ற வருவாய்த் துறை ஆபீசில் கிடைக்கும்), மூலப் பத்திரம், ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்), வரி ரசீதுகள். தாத்தா ஊருக்குப் போய் தருமபுரியிலோ வாணியம்பாடியிலோ இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் அங்கேதான். வாரிசுச் சான்றிதழை அங்குள்ள தாசில்தாரிடம் வாங்குவதா, இங்கே வாங்குவதா என்பதைக் காத்தா ஆபீசில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஓசூர் ரோட்டிலேயே காலம் போய்விடும். பெங்களூரில் இப்போது இ-காத்தா (டிஜிட்டல் காத்தா) இல்லாமல் எந்தச் சொத்தையும் பதிய முடியாது, அதனால் பத்திரம் எழுதும் முன் இ-காத்தா.

என் கருத்தைச் சொல்கிறேன். அத்தைகளைக் கெஞ்சி, மிரட்டி, மனஸ்தாபத்தோடு பங்கை எழுதி வாங்குவதைவிட, கட்டடம் எல்லோர் பெயரிலும் இருக்கட்டும், கடை வாடகை கொடுக்கட்டும் என்பது நிம்மதியான ஏற்பாடு. வாடகை ஒப்பந்தம் எழுதி, மாதாமாதம் அவரவர் பங்கு அவரவர் கணக்குக்குப் போய்விட்டால், கடைக் கணக்கைக் கேட்க யாருக்கும் காரணம் இருக்காது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கட்டடச் சொந்தக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதியாதவராகவும் கடை (காம்போசிஷன் திட்டத்தில் அல்லாமல்) வழக்கமான முறையில் பதிந்ததாகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான 18% வரியைக் கடையே கட்ட வேண்டும். கடை அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

3. சம்பளம், லாபம், வாடகை மூன்றையும் பிரியுங்கள்

எங்கள் பேரேட்டில் ‘வீ.செ.’ என்று ஒரு தலைப்பு இருந்தது. வீட்டுச் செலவு. பால் பாக்கெட், சித்தப்பாவின் பெட்ரோல், என் காலேஜ் ஃபீஸ், தங்கையின் பிரசவம், திருவிழாவுக்கு ஊருக்குப் போன பஸ் டிக்கெட், எல்லாம் அதில்தான். அப்பா இருந்தவரை யாரும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. பிறகு கூட்டியபோது யார் அதிகம் எடுத்தார்கள் என்ற பேச்சு வந்தது, வந்ததும் வீட்டில் இரண்டு அடுப்பு ஆகிற நிலைமை.

ஒரு கூட்டம் போடுங்கள். யாராவது ஒருவர் வீட்டு டைனிங் டேபிளில் வேண்டாம், அங்கே மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள். ஆடிட்டர் ஆபீஸ் நல்ல இடம். பங்கு உள்ள எல்லோரும் வர வேண்டும், அம்மா, சித்தி, அத்தை உட்பட. கடையில் வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, வேலை செய்யாமல் பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கு லாபம் எப்போது, அடுத்த தலைமுறை கடைக்கு வருவதற்கு என்ன தகுதி, மருமகன் மருமகள் சேரலாமா, எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க எல்லோர் சம்மதமும் வேண்டும், யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போடலாமா. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி முடிவு எழுதி, கலைவதற்கு முன் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன் விஷயத்தில் கறாராக இருங்கள். கடை நொடிப்பதற்கு வியாபார நஷ்டத்தைவிட மச்சானுக்குப் போட்ட ஜாமீன் காரணமாக இருந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

இதைக் ‘குடும்ப சாசனம்’ என்று பெரிய குழுமங்கள் செய்கின்றன. இதே பெங்களூரில் வளர்ந்த ஜி.எம்.ஆர். குடும்பம் எழுதி வைத்திருக்கிறது. நமக்கு நான்கு பக்கம் போதும். ஆனால் இந்தத் தாள் வெறும் ஒப்புதல்தான். கோர்ட்டில் நிற்க வேண்டியவற்றை டீடிலோ கம்பெனி விதிகளிலோ ஏற்ற வேண்டும்.

4. பார்ட்னர்ஷிப் டீடைத் திருத்தி எழுதி, பதியுங்கள்

பழைய டீட் பெரும்பாலும் இரண்டு பக்கம் இருக்கும், ஆடிட்டர் ஆபீசில் பேர் மட்டும் மாற்றி டைப் அடித்தது. புதிதில் இவை இருக்க வேண்டும்.

மரணம் நேர்ந்தால் ஃபர்ம் கலையாது, மற்றவர்கள் தொடர்வார்கள் என்ற ஷரத்து. 1932-ம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 42-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் குறைந்தது மூன்று பார்ட்னர் இருந்தால்தான் இது வேலை செய்யும். இருவர் மட்டுமே என்றால் ஷரத்து இருந்தும் பிரயோஜனமில்லை, உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. அம்மாவையோ மகளையோ 5% பங்கோடு மூன்றாவது ஆளாக இன்றைக்கே சேருங்கள். 18 வயது ஆகாதவரை முழு பார்ட்னராகச் சேர்க்க முடியாது, லாபத்தில் பங்கு மட்டும் தரலாம். சேர்கிறவருக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பார்ட்னர்ஷிப்பில் கடன் பொறுப்புக்கு எல்லை இல்லை, 5% பங்குக்காரரின் வீட்டையும் கடன்காரன் தொடலாம்.

விலகுகிறவருக்கு என்ன விலை, எத்தனை தவணை. குடும்பத் தொழில் பிழைப்பதும் சாவதும் இந்த ஒரு ஷரத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒருவருடைய பங்கு 40 லட்சம் என்று வந்தால் அதை ஒரே வீச்சில் கல்லாவிலிருந்து எடுக்க முடியாது. எடுத்தால் சரக்கு வாங்கப் பணம் இருக்காது. அதனால் சரக்குக்கு வாங்கிய விலை, ஒரு வருடத்துக்கு மேலான பாக்கிகளுக்குப் பாதி மதிப்பு, கடைப் பெயருக்கு இத்தனை வருட சராசரி லாபம், மதிப்பிடுவது வெளி ஆடிட்டர், கொடுப்பது 24 அல்லது 36 தவணை, வட்டி இவ்வளவு என்று இப்போதே எழுதிவிடுங்கள். யார் விலகப் போகிறார்கள் என்று தெரியாத நேரத்தில்தான் எல்லோரும் நியாயமாகப் பேசுவார்கள். எழுதாமல் விட்டு, கணக்கும் தீர்க்காமல் மற்றவர்கள் கடையை நடத்தினால், இறந்தவரின் வாரிசு தன் பணத்துக்கு ஈடான லாபத்தையோ 6% வட்டியையோ சட்டப்படி கேட்கலாம்.

சம்பளமும் வட்டியும் டீடில் இருந்தால்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். முதலுக்கான வட்டி 12% வரைதான், சம்பளம் உழைக்கும் பார்ட்னருக்கு மட்டும். 2025 ஏப்ரல் முதல் பார்ட்னருக்குத் தரும் சம்பளம், வட்டி வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். வீட்டுக்காரங்களுக்கு எதற்கு டி.டி.எஸ். என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன், பிடிக்கத்தான் வேண்டும்.

சரி, பதிவு. ஃபர்மைப் பதிவது கட்டாயமில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். ஆனால் பதியாத ஃபர்ம் தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது, பார்ட்னரும் ஃபர்ம் மேல் போட முடியாது. கர்நாடகத்தில் காவேரி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். டீட், பார்ட்னர்களின் பான், ஆதார், கடை முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் அல்லது வரி ரசீது வேண்டும். முத்திரைக் கட்டணத்தைப் பழைய டீடைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள், 2024 பிப்ரவரியில் கர்நாடகம் பல ஆவணங்களுக்கு ஏற்றிவிட்டது. பிறகு பார்ட்னர் மாறும்போதெல்லாம் பதிவாளருக்கும், 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி.க்கும் தெரிவிக்க வேண்டும். விலகுகிறவர் பொது அறிவிப்பு கொடுக்காவிட்டால் அவர் போன பிறகு ஃபர்ம் வாங்கும் கடனுக்கும் அவரைத் தேடி வருவார்கள். பேங்க் ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதத்தையும் தனியாக வாங்க வேண்டும்.

எங்களைப் போல ஏற்கெனவே ஃபர்ம் கலைந்துவிட்டவர்களுக்கு: புது ஜி.எஸ்.டி. எண் வந்த பிறகு, பழைய எண்ணை ரத்து செய்வதற்கு முன், ஐ.டி.சி.-02 படிவம் போடுங்கள். பழைய எண்ணில் இருக்கும் வரி வரவு அதன் வழியாகத்தான் புதியதற்கு வரும், ஆடிட்டர் சான்றிதழும் வேண்டும். வரிசை மாறினால் அந்தப் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

5. கம்பெனி ஆக்கலாமா என்று இப்போது யோசியுங்கள், முதலில் அல்ல

எல்.எல்.பி. (பொறுப்புக்கு எல்லை உள்ள பார்ட்னர்ஷிப்), பிரைவேட் லிமிடெட் கம்பெனி இரண்டிலும் ஆள் இறந்தாலும் நிறுவனம் நிற்கும், பொறுப்புக்கும் எல்லை உண்டு. பதிலுக்கு வருடாந்திர வேலை. எல்.எல்.பி.க்கு மே 30, அக்டோபர் 30 என இரண்டு தேதி. கம்பெனிக்கு செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம், அதிலிருந்து 30 நாளில் கணக்கு, 60 நாளில் ஆண்டறிக்கை. தவறினால் கம்பெனிக்கு ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. போர்டு கூட்டம் வருடத்துக்கு நான்கு, சிறு கம்பெனி என்றால் அரையாண்டுக்கு ஒன்று. விசாரித்த இடங்களில் பிரைவேட் லிமிடெட்டைப் பராமரிக்க ஆடிட்டும் சேர்த்து வருடத்துக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை கேட்டார்கள். சின்னக் கடைக்கு இது வீண். ஊழியர்கள், பெரிய ஆர்டர், நான்கைந்து பங்குக்காரர்கள் என்று இருந்தால் போகலாம்.

ஃபர்மைக் கம்பெனியாக மாற்றினால் மூலதன ஆதாய வரி வராமல் இருக்க நிபந்தனைகள் உண்டு: எல்லாச் சொத்தும் கடனும் மாற வேண்டும், எல்லாப் பார்ட்னர்களும் தங்கள் மூலதன விகிதத்திலேயே பங்குதாரர்கள் ஆக வேண்டும், 5 வருடத்துக்கு அவர்களிடம் குறைந்தது 50% ஓட்டுரிமை இருக்க வேண்டும். ‘இதோடு சேர்த்து மாமாவைக் கழற்றிவிடலாம்’ என்று திட்டமிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள்.

அடுத்தது ஒரு குடும்பக் கம்பெனி வழக்கு. இரண்டு நாயுடு சகோதரர்கள், ஒரு பிரைவேட் கம்பெனி, ஆளுக்கு 25 பங்கு. யாராவது விற்றால் முதலில் தன் கிளைக்காரருக்குத்தான் என்று 1951-ல் வாய்மொழி ஒப்பந்தம். பிள்ளைகள் காலத்தில் ஒருவர் மறு கிளைக்கு விற்றார். உச்ச நீதிமன்றம் வரை போனது, ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன். கம்பெனியின் விதிமுறைகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் பங்குதாரர்களையும் கட்டாது என்று தீர்ப்பு. ஆகவே கம்பெனியைப் பதிந்து தருகிறவர் நீட்டும் ரெடிமேட் விதிமுறையில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பங்கு விற்றால் யாருக்கு முன்னுரிமை, என்ன விலை என்பதை அதற்குள் எழுதச் சொல்லுங்கள். 50-50 பங்கும் வேண்டாம். எதிரும் புதிருமாக நின்றால் சம்பளம்கூடப் போட முடியாது.

6. உயில் எழுதுங்கள், நாமினியை நம்பாதீர்கள்

நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர் மட்டுமே. பங்குகளுக்கும் அதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அண்ணனை நாமினியாகப் போட்டதால் பங்கு அண்ணனுக்கு என்று ஆகாது, உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம். சாட்சி உங்களைவிட இளையவராக, உயிலால் லாபம் அடையாதவராக இருக்கட்டும். பெரியவருக்கு வயதாகியிருந்தால் டாக்டர் சான்றிதழோடு பதிந்துவிடுங்கள். உயிலும் டீடும் முரண்படக் கூடாது: டீடில் ‘பங்குக்குப் பணம் மட்டும் தரப்படும்’ என்று எழுதிவிட்டு உயிலில் ‘என் மகன் பார்ட்னர் ஆக வேண்டும்’ என்று எழுதினால் அது வழக்குக்கு அழைப்பிதழ்.

7. எப்போது, எவ்வளவு

டீட் எழுத ஆடிட்டர் 5,000 முதல் 15,000 வரை கேட்டார்கள், பங்கு, விலகல் ஷரத்தெல்லாம் வக்கீல் பார்த்தால் 25,000-க்கு மேல். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். காத்தாவும் வாரிசுக் காகிதமும்தான் மாதக்கணக்கில் இழுக்கும், டீடும் பதிவும் சில வாரம். டீடில் ‘தகராறு வந்தால் முதலில் சமரசம், பிறகு ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு), இடம் பெங்களூர்’ என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தனிச் செலவு இல்லை.

செப்டம்பர், அக்டோபரில் ஆடிட்டர் ஆபீஸ் பக்கம் போகாதீர்கள், கணக்குத் தாக்கல் நேரம், உங்கள் டீடை யாரும் நிதானமாகப் படிக்க மாட்டார்கள். மார்ச்சும் அப்படித்தான். டிசம்பரில் குடும்பக் கூட்டத்தைப் போட்டு ஜனவரியில் வரைவைக் கையில் வாங்கினால், ஏப்ரல் 1 முதல் புது டீட் நடைமுறைக்கு வரும், அந்த வருடக் கணக்கும் பிசிறில்லாமல் தொடங்கும்.